நடுவர்

வியாழக்கிழமை டாக்டர் தஞ்சாவூரிலிருந்து வருவார்.
ஐந்து மணி என்று போர்டில் இருக்கும்.
ஏழுக்கும் வந்திருக்க மாட்டார்.
மன்னார்குடி மேலராஜவீதியில் மருந்துக்கடை மாடி,
படி நெடுகச் செருப்புகள்,
பிளாஸ்டிக் நாற்காலிகளில் கொட்டாவி விட்டபடி
தூங்காதவர்கள் பதினொரு பேர்.

கொட்டாவி வரும். தூக்கம்தான் வராது.
தூங்குகிறவர்களுக்கு இதை
எப்படிச் சொன்னாலும் விளங்குவதில்லை.

அன்று ஆரம்பித்தது அமிர்தகடேசன்.
மகன் அனுப்பிய லாவெண்டர் எண்ணெய்,
தலையணை உறையில் மூன்றே சொட்டு.
"நாலு மணி நேரம்" என்றார்,
நாலு வேலி என்கிற தோரணையில்.

"கக்கூஸ் கழுவுற வாசனை சார் அது."
ஜெபசீலி.
நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில்
முப்பது வருஷம் நைட் டூட்டி.
வேலைக்கு ஓய்வு கொடுத்தார்கள்,
ராத்திரிக்குக் கொடுக்கவில்லை.
அவருக்கு நீலகிரித் தைலம்தான்,
நெஞ்சில், நெற்றியில், உள்ளங்காலில்.
"உங்க பக்கத்துல உக்காந்தா
எங்களுக்கெல்லாம் ஜலதோஷம் வந்த மாதிரி இருக்கு"
என்று ஒருவர் நாற்காலியை நகர்த்தினார்.

ஹமீது சுல்தான் சட்டைப்பையிலிருந்து
சுண்டுவிரல் அளவுக் குப்பியை எடுத்தார்.
ஊது அத்தர். நாகூரில் வாங்கியது.
"இதைப் போட்டா மலக்கு வந்து கண்ணை மூடும்."
"மலக்கே வந்துட்டா, நீங்க ஏன் பாய் இங்க வந்தீங்க?"
யாரும் சிரிக்கவில்லை.
அந்தக் கேள்வி எல்லோருக்குமானது.

பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.
"பட்டியல் எழுத்தர் சொல்லட்டும்."

இருபது வருஷம் கொள்முதல் நிலையத்தில்
ஒரு கை நெல்லை முகர்ந்தே
ஈரப்பதம் சொன்னவன் நான்.
பதினேழு. பதினெட்டு. காயவை, நாளைக்கு வா.
பின்னால் வந்த மிஷின்
என்னோடு ஒத்துப்போனது.

அந்த மூக்கு காய்ச்சல் வருஷத்தில் போய்விட்டது.
வீட்டில்கூடச் சொல்லவில்லை.
விளக்கை அணைத்தால்
பாய் இல்லை, மனைவியின் கூந்தல் இல்லை,
கொல்லையில் மாடு இல்லை.
யார் வீட்டிலோ படுத்திருப்பதுபோல
விடியும்வரை மரியாதையாக விழித்திருக்கிறேன்.

குப்பிகள் வந்தன.
லாவெண்டரை "மென்மை" என்றேன்.
தைலத்தை "கண்டிப்பு" என்றேன்.
அத்தருக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.
மூன்று பேரும் ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்தார்கள்.

அதுவரை பேசாத தையல்நாயகி,
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வேலை,
பைக்குள்ளிருந்து ஒரு பழைய டானிக் பாட்டிலை நீட்டினார்.
"இதையும் பாருங்க சார்."
கண்ணை மூடி இழுத்தேன்.
"வெட்டிவேர்" என்றேன்.
போதாதென்று, "வேர் கொஞ்சம் பழசு."
மூடியைத் திருகிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

டாக்டர் ஒன்பதுக்கு வந்தார்.
பதினொரு பேருக்கும் அதே மாத்திரை, அரை அரை.

கீழே சைக்கிளை எடுக்கும்போது அவர் சொன்னார்:
"அது எங்க கேட் ரூம் குழாத்தண்ணி சார்."

நான் பெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"போன வாரம் அமிர்தகடேசன் சார் பன்னீர்னாரு.
ஜெபசீலிம்மா கற்பூரம்னாங்க.
வேர் பழசுங்கிற வரைக்கும் போனது நீங்கதான்.
ஹமீது பாய் மட்டும் தண்ணின்னார்.
பாவம், அவருதான் நம்மள்ல
ஒரு பொட்டும் தூங்காதவரு."

எனக்கும் ஒன்று சொல்ல இருந்தது.
பாமணிப் பக்கம் போகும் கடைசி பஸ் ஹாரன் அடித்தது,
அவர் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.
பாட்டில் என் கையிலேயே இருந்தது.

அன்று ராத்திரி
தலையணை உறையில் மூன்று சொட்டு விட்டேன்.
"என்ன எண்ணெய்?" என்று மனைவி கேட்டாள்.
"நீயே சொல்லேன்" என்றேன்.
குனிந்து முகர்ந்தாள். நெடுநேரம் எடுத்துக்கொண்டாள்.
அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருக்கையில்
நீடாமங்கலம் திசையில் ஒரு கூட்ஸ் வண்டி
மெதுவாக, மெதுவாகப் போயிற்று.
பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.